மூன்றாவது பொத்தான்

பழந்துணியில் என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்று காரைக்குடிச் சந்தையில் மார்தட்டித் திரிந்தவன் நான். பினாங்கிலிருந்து திரும்பும் செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் போட்டுக் கழித்த ஜீன்ஸ் கோட்டுகளை வாங்கி, காலேஜ் பையன்களுக்கு விற்பது என் பிழைப்பு. உள்பையைத் தடவியே போட்டவனின் யோக்கியதையைச் சொல்லிவிடுவேன்.

கண்டரமாணிக்கத்துச் சோமு எனக்கு வாடிக்கை மட்டுமில்லை, சிநேகிதன். எழுபத்துநாலு வைகாசியில் பினாங்கிலிருந்து திரும்பியதும் அவன் கொண்டுவந்த, அவனே போட்டுக் கழித்த கோட்டு, அமெரிக்கக் கம்பெனி முத்திரை கலையாத அசல் சரக்கு. மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு. செம்புப் பொத்தான் போன இடத்தில் ஒரு கறுப்புப் பொத்தானைச் சிவப்பு நூலில் தைத்திருந்தது.

"யாருப்பா தச்சது?"

"யாரோ தச்சாக. அதுக்கு அஞ்சு ரூவா குறைச்சுக்க, மருது. ஆனா இதை வித்துராத. எங்க ஊர்ல நாகவல்லின்னு ஒரு பொண்ணு இருக்கு, ஒங்க ஆளுகதான். இதைப் போட்டுக்கிட்டே போய்ப் பாரு."

முப்பத்திரண்டு வயதாகியும் எனக்குப் பெண் பார்க்க நாதியில்லை. இவனாவது நினைத்தானே என்று கண் கலங்கிவிட்டது. மடையன் நான்!

வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அத்தையோடு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். அந்த வெயிலில் கோட்டுக்குள் அவிந்துபோனேன். அத்தை உள்ளே போக, நான் வாசல் தொட்டியருகே குனிந்து கால் கழுவினேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்? எட்டு மாசம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

திரும்பினேன். தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண். சிரித்துக்கொண்டிருந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"இந்தக் கோட்டு ஒங்களுக்கு எப்படி?"

"சோமுகிட்ட வாங்குனேன். நாகவல்லி நீதானா? அவன்தான் ஒன்னையப் பாக்க அனுப்புனான். அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம்ல."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "இதைப் போட்டுக்கிட்டுப் போகச் சொன்னாகளா?"

"ஆமா" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி! உன்னைக் கைவிட்டேன் என்று இவளிடம் சொல்லத் துப்பில்லாமல், என்னைக் கோட்டு மாட்டி அனுப்பியிருக்கிறான். சிநேகிதனாம், சிநேகிதன்! நம்பினவன் கழுத்தை அறுத்துவிட்டானே!

"இந்தப் பொத்தானைத் தச்சது யாருன்னு சொன்னாக?"

சந்தையில் ஆயிரம் பொய் சொன்ன வாய். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை.

"யாரோன்னான்."

அவள் கிட்டே வந்து, அந்தப் பொத்தானை வெடுக்கென்று பிய்த்தாள். "இனி இதுல என்னோடது எதுவுமில்ல. நல்ல விலைக்கு வித்துக்கிருங்க."

குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

"மருது, கூப்பிடுறாக, உள்ள வாடா" என்றாள் அத்தை. எனக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. அதுதான் கொடுமை. கோட்டைக் கழற்றி எருக்குழியில் வீசிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.