கடையில் வாங்கிய வேர்

லோர்னா ஹில்டுனன் பராகாவில் வாங்கிய லெட்டூஸ் கீரைக்கு வேர் இருந்தது. வேர் மட்டும் இல்லாதிருந்தால் அவளுக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

ஹான்காக்கில் அவள் வீட்டுக்கு ஐந்து நிமிடத் தூரத்தில் ஒரு கடை இருக்கிறது. அங்கேயும் இதே கீரை, இதே மாதிரி பிளாஸ்டிக் கூட்டுக்குள் வேரோடு வாடாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் அங்கே கல்லாவில் நிற்பவள் மேவிஸின் தங்கை. மேவிஸோ சர்ச் சமையலறைக்குப் பொறுப்பு. அதனால்தான் லோர்னா பனியில் முப்பது மைல் காரோட்டிப் பராகா ஊருக்குப் போனாள். ஆறு செடிகளை எடுத்து வைத்தபோது கல்லாக்காரி, "வீட்ல விருந்தா?" என்று கேட்டாள்.

"முயலுக்கு" என்றாள் லோர்னா. அவள் வீட்டில் முயல் கிடையாது.

போன நவம்பரில்தான் அவள் தன் வீட்டு நிலவறையில் அந்தத் தொட்டியை வைத்தாள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, மூடியில் ஆறு ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் களிமண் உருண்டைகள் நிரப்பிய ஒரு வலைக்கிண்ணம். செடி கிண்ணத்தில் நிற்கும். வேர் கீழே உரம் கலந்த தண்ணீரில் தொங்கும். மண் என்ற பேச்சே இல்லை. ஒரு சின்ன பம்ப் குழாய் வழியாகக் காற்றை அனுப்ப, தொட்டியின் அடியில் கிடக்கும் நுண்துளைக் கல்லிலிருந்து அது குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கும். வெளியே ஜன்னல் மட்டத்துக்குப் பனி கிடக்கும்போது உள்ளே விளக்கு வெளிச்சத்தில் கீரை பச்சைப்பசேலென்று மேலெழுந்தது. ஸ்கூல் பஸ் ஓட்டும் ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஊரில் ஒரு பேர் கிடைத்தது. புதன்கிழமை தோறும் சர்ச்சில் நடக்கும் ராச்சாப்பாட்டுக்கு சாலட் அவள் வீட்டிலிருந்துதான் போனது.

அவளைப் பார்த்துத்தான் ரெய்னோவும் ஆரம்பித்தான். மூன்று வீடு தள்ளி இருக்கிறான். மாவட்டச் சாலைகளில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவன். அக்டோபரில் அவன் மனைவி கேரல் இரண்டு பெட்டியோடு கிரீன் பே நகரத்துக்குப் போனவள் திரும்பவில்லை. அதற்கப்புறம் அவன் யாரிடமும் நின்று பேசியதில்லை. தொட்டி மூடியில் ஓட்டை போட வேண்டும், எத்தனை அங்குலம் என்று கேட்டுக்கொண்டு வந்ததுதான் முதல் பேச்சு. லோர்னாவே போய் துரப்பணத்தைப் பிடித்து அவன் வாங்கி வைத்திருந்த இரண்டு தொட்டிகளின் மூடிகளுக்கும் ஓட்டை போட்டுக் கொடுத்தாள்.

ஜனவரியில் லோர்னாவின் கணவன் ஏர்னி முனகத் தொடங்கினான். நிலவறையிலிருந்து வெப்பக்காற்று வரும் குழாய் நேராக அவர்கள் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து திறக்கும். பம்பின் ரீங்காரமும் அதே வழியில் வந்தது.

"தலையணைக்குள்ள தேனீ வளக்கற மாதிரி இருக்கு" என்றான்.

லோர்னா ராத்திரி பத்து மணிக்குப் பம்பை நிறுத்தி, காலையில் ஆறு மணிக்குப் போட்டாள். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு வாரத்துக்குள் ரெய்னோ வந்து, பம்ப் ராத்திரியும் ஓட வேண்டுமா என்று கேட்டான். லோர்னா யோசிக்கக்கூட இல்லை.

"நாம ராத்திரி தூங்கறோம்ல? செடிக்கும் ஓய்வு வேணும், ரெய்னோ. நான் நிறுத்திடறேன். இன்னும் நல்லாத்தான் வருது."

தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வதில் அன்று ஒரு சுகம் இருந்தது.

பத்தாம் நாள் மூடியைத் தூக்கியபோது சாக்கடை நாற்றம் அடித்தது. வெள்ளை வெளேரென்று இருந்த வேர்கள் பழுப்பாகி, விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தன. பம்புடன் வந்த தாளை அப்போதுதான் எடுத்துப் படித்தாள். பம்பை ஒருபோதும் நிறுத்தாதீர்கள், காற்றில்லாத தண்ணீரில் வேர் மூச்சடைத்துச் செத்து அழுகிவிடும் என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

தொட்டியைக் கழுவினாள். பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, அதில் புதிதாக விதை போட்டாள். பம்பை இரவும் பகலும் ஓடவிட்டாள். ஏர்னி போர்வையைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போனான். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள், ஒன்றைத் தவிர. ரெய்னோவிடம் போய்ச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்ற பயம் வந்துவிட்டது.

கீரை வளர ஆறு வாரம் ஆகும். புதன்கிழமை அதுவரை காத்திருக்காது. அதனால்தான் பராகா. செவ்வாய்க்கிழமை வாங்கி வந்து, பிளாஸ்டிக் கூட்டைக் குப்பையின் அடியில் புதைத்து, செடிகளை வலைக்கிண்ணங்களில் நிறுத்தித் தொட்டியில் வைத்தாள். மறுநாள் வரை வாடாமல் இருக்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். விளக்கைப் போட்டதும் அவை அவள் வளர்த்தவை மாதிரியே இருந்தன. அதைப் பார்க்க அவளுக்கே கூசியது. ஆனாலும் இப்படியே நான்கு புதன்கிழமைகள் போயின.

நான்காவது புதனன்று மேவிஸ் சாலட் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு உரக்கச் சொன்னாள்: "இதைத் தின்ன வாய்க்கு, கடைக்கீரை மாட்டுத்தீவனம் மாதிரி இருக்குடி லோர்னா!"

எல்லாரும் சிரித்தார்கள். லோர்னா ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை.

"ரெய்னோ, உன் தோட்டம் என்னாச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"செத்துப்போச்சு. ரெண்டாவது தடவை." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். "லோர்னா சொன்னதை ஒண்ணு விடாமச் செஞ்சேன். என் கைராசி அப்படி. செடிகூட என்கிட்ட தங்கமாட்டேங்குது."

 கேரலின் பேரை யாரும் எடுக்கவில்லை. அதனாலேயே எல்லாருக்கும் அவள் ஞாபகம் வந்தது தெரிந்தது. லோர்னா அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் ரொட்டிகூட இல்லை. உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அடுத்த செவ்வாய் பின்மதியம், பராகாவிலிருந்து வந்து செடிகளைக் கிண்ணத்தில் வைத்து முடித்த அரைமணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ரெய்னோ, பூட்ஸில் பனியோடு நின்றான்.

"தொட்டி ரெண்டையும் தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உங்களோடதைப் பாத்துக்கறேன். எங்க தப்புப் பண்ணேன்னு தெரிஞ்சா போதும்."

வேண்டாமென்று சொல்ல ஒரு காரணம் தேடினாள். அதற்குள் அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு நிலவறைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். தண்ணீரின் சூடு, உரத்தின் அளவு, விளக்கின் உயரம் எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தான். ஒவ்வொரு நாளும் கடைசி வரியில், ராத்திரி பத்து, பம்ப் நிறுத்தம். காலை ஆறு, பம்ப் ஓட்டம். ஒரு நாள்கூட விடவில்லை. பனி வழிக்கப் போன நாட்களில்கூட வீட்டுக்கு வந்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று நோட்டை நீட்டினான்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள். 

"நீங்களும் இன்னும் ராத்திரி நிறுத்தறீங்கல்ல?"

"ம்."

ஒரே ஒரு எழுத்து. அவள் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான். அதற்குத்தான் காது வரைக்கும் சூடு ஏறியது.

அந்த நேரம் பார்த்து ஏர்னி காலி பீர் பாட்டில்களோடு படியிறங்கி வந்தான். "வாப்பா ரெய்னோ! நீயாவது இவகிட்ட சொல்லு. இந்தச் சனியனை ராத்திரில நிறுத்தச் சொல்லி ஒரு மாசமாக் கத்தறேன். நின்னா வேர் அழுகிடும்கறா. நான் சோபாவுல கெடந்து கழுத்து போச்சு."

பாட்டில்களை மூலையில் வைத்துவிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போனான். தான் என்ன செய்தோம் என்பது அவனுக்குத் தெரியாது.

ரெய்னோ நோட்டை மூடினான். லோர்னாவின் முகத்தைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தான். குனிந்து ஒரு கிண்ணத்தைத் தூக்கினான். நீளமாகத் தொங்க வேண்டிய வேர் தொங்கவில்லை. பிளாஸ்டிக் கூட்டின் அடிப்பாகம் எப்படியிருந்ததோ அப்படியே வட்டமாகச் சுருண்டு, தட்டையாக, ஒரு பிஸ்கட் மாதிரி இருந்தது.

"கடைச்செடி" என்றான்.

"ஆமா."

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம். என்னோடதும் செத்துப்போச்சு, ரெய்னோ. உனக்குச் சொன்னேனே, அதுலதான் செத்துச்சு. எனக்குத் தெரியாமத்தான் சொன்னேன். ஆனா தெரிஞ்ச அப்புறமும் உன்கிட்ட வந்து சொல்லலை. சர்ச்சுல நீ அப்படிச் சொன்னப்போ பக்கத்துலதான் இருந்தேன். அப்பவும் சொல்லலை."

அவன் கிண்ணத்தைப் பழையபடி ஓட்டையில் வைத்தான். அதைக் கவனமாகத்தான் வைத்தான்.

"ரெண்டாவது தடவை செத்தப்போ, கேரல் போனதும் சரிதான்னு நெனச்சேன்" என்றான். "ஒரு கீரையைக் காப்பாத்தத் தெரியாதவன்கூட யாரு இருப்பான்னு."

திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் மெதுவாகப் படியேறி, பூட்ஸ் கயிற்றை நிதானமாகக் கட்டிக்கொண்டு போனான். லோர்னா கோட்டுகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.

"தொட்டியைத் தூக்கிப் போட்டுடாதே! நான் வந்து கழுவித் தரேன்!"

"வேணாம்" என்றான் திரும்பாமல். "எனக்குக் கழுவத் தெரியும்."

மறுநாள் சாயங்காலம் லோர்னா வெறுங்கையோடு சர்ச்சுக்குப் போனாள். ஆறு கடைச்செடிகளையும் ஏர்னிக்கு சாண்ட்விச்சில் வைத்துக் கொடுத்துவிட்டாள்.

"கிண்ணம் எங்கடி?" என்றாள் மேவிஸ்.

"கிண்ணம் இல்லை. ஒரு மாசமா நீங்க தின்னது நான் வளத்தது இல்லை. பராகா கடையில வாங்கினது. என்னோடது ஜனவரியிலயே அழுகிப்போச்சு. நான்தான் பம்பை நிறுத்தினேன். ரெய்னோவையும் நிறுத்தச் சொன்னது நான்தான். அவன் செடி செத்ததுக்கு அவன் கை காரணம் இல்லை."

சொல்லும்போது மேசைவிரிப்பில் இருந்த கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

யாரும் கோபப்படவில்லை. "அதனாலென்ன, லோர்னா", "இதெல்லாம் ஒரு விஷயமா", "உக்காரு, காபி சூடா இருக்கு" என்றார்கள். ஒவ்வொரு நல்ல வார்த்தையும் ஒரு அடி மாதிரி விழுந்தது. மேவிஸ் மட்டும் முட்டைக்கோஸை எடுத்து வெட்டப் போனாள். அவள் காதுமடல் சிவந்திருந்தது. மாட்டுத்தீவனம் என்று சொன்னவள் அவள்தானே.

ரெய்னோ மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்தான். லோர்னா பேசி முடிக்கும் வரை சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு நோட்டையும் பேனாவையும் எடுத்தான்.

"நேத்து விதை போட்டேன்" என்றான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "தொட்டி அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு. தண்ணி சூடாகுது. எத்தனை டிகிரிக்கு மேல போகக்கூடாது, லோர்னா?"

மேசை மொத்தமும் அவளைப் பார்த்தது. அவளுக்கு ஒரு எண் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சரியாகக்கூட இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது, ரெய்னோ" என்றாள். "வீட்டுக்குப் போய்ப் படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

அவன் பேனாவை மூடவில்லை. நோட்டில் அந்த எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டு, கீழே ஒரு கோடு போட்டான்.