மச்சாள் இல்லாத ஊரில் கணக்குப் படிப்பு

பாலோ ஸ்டேஷன் மாஸ்டர் விசுவலிங்கத்துக்கு மலாயாவில் சொந்தக்காரர் இல்லாத ஊர் ஒன்று இருந்தால், அது இன்னும் காடு வெட்டாத ஊராகத்தான் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த அவருடைய ஆட்கள் ரயில், தபால், ஆஸ்பத்திரி என்று உத்தியோகம் பார்த்துத் தண்டவாளம் நெடுகிலும் முளைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் ரயிலேறி வடக்கே போனால் ஸ்டேஷனுக்கு ஒரு சித்தப்பா ஜன்னலுக்குள் தலையை நீட்டி, சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்று சொன்னாலும் விடமாட்டார்.

இந்தச் செல்வமெல்லாம் 1936ஆம் வருஷக் கடைசியில் அவருடைய ஒரே மகன் சிவசம்புவின் தலையில் இடியாக இறங்கியது.

சிவசம்புவுக்குக் கணக்கியல் படிக்க வேண்டும். குளுவாங்கில் ஒரு ரப்பர் கம்பெனி, லண்டன் பரீட்சை தேறியவனைத்தான் கணக்குப் பிரிவில் எடுப்போம் என்று சொல்லியிருந்தது. ஜனவரிக்குள் எந்தக் கல்லூரியிலும் சேரவில்லையென்றால் அவனை ரயிலில் டிக்கெட் கிழிக்க விட்டுவிடுவேன் என்று தகப்பன் சத்தியம் செய்திருந்தார். அந்த ரயில் வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பி, தேதி மட்டும் போடாமல் மேசையில் வைத்திருந்தார். சிவசம்பு அந்த மேசையைச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

கல்லூரிகள் மூன்று கண்ணில் பட்டன. கோலாலம்பூரில் ஒன்று, மலாக்காவில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. மூன்றில் சிங்கப்பூர்தான் ராஜா. இரண்டு வருஷப் படிப்பு. இரட்டைப் பதிவு, தணிக்கை, கம்பெனிச் சட்டம், முடிவில் லண்டன் பரீட்சை. டிசம்பர் பதினைந்து வரை உமக்கு ஓர் இடம் வைத்திருக்கிறோம் என்று அழகாக டைப் அடித்துக் கடிதமும் வந்துவிட்டது. வேறு பிள்ளை என்றால் அன்றைக்கே டிரங்குப் பெட்டியைக் கட்டியிருப்பான்.

ஆனால் தங்குவது எங்கே? ஊரில் சொந்தக்காரர் இருக்க ஹாஸ்டலில் தங்குவது, அவர் வீட்டு வாசலில் நின்று அவரைத் திட்டுவதற்குச் சமம். மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். சரி, வீட்டில் தங்கினாலோ, அந்த வீட்டில் கட்டிக்கொள்ளும் முறையுள்ள மச்சாள் ஒருத்தி இருந்தால் கதை முடிந்தது. போன வருஷம் டைப்ரைட்டிங் படிக்க ஈப்போவுக்குப் போன ஒருவன், அம்மான் வீட்டில் பத்து வாரம் சோறு தின்றுவிட்டுப் பெண்சாதியோடு திரும்பி வந்தான். டைப்ரைட்டிங்கில் அவன் பாதி எழுத்துக்கூடத் தாண்டவில்லை.

சிங்கப்பூரில் இருப்பது தாயின் அண்ணன், சிவசம்புவுக்கு அம்மான். அவருக்கு ஒரு மகள், தவமணிதேவி. கோலாலம்பூரில் தகப்பனின் தங்கை. அங்கே மகள்கள் மூன்று பேர்.

தாய் கனகம்மா, சிங்கப்பூர்க் கல்லூரிதான் உலகத்திலேயே சிறந்தது என்றாள். கல்லூரியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. விசுவலிங்கம் கோலாலம்பூரின் காற்று மூளைக்கு நல்லது என்றார். இரண்டு பேரும் பதினோரு நாள் சண்டை போட்டார்கள். சரக்கு ரயில் போகும் சத்தத்தையும் மிஞ்சிய சண்டை. தணிக்கையைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அம்மா, நான் படிக்கப் போறனோ, மாப்பிள்ளையாப் போறனோ?" என்று கடைசியில் சிவசம்பு கேட்டே விட்டான்.

"ரெண்டும் ஒரே செலவில முடியும் எண்டால் உனக்கென்ன நோகுது?" என்றாள் கனகம்மா.

மலாயா வரைபடத்தை விரித்து உட்கார்ந்தான் சிவசம்பு. ஊர் ஊராக உறவை எழுதி, மச்சாள் உள்ள ஊரையெல்லாம் சிவப்பு மையால் அடித்தான். வரைபடத்துக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. மலாக்கா மட்டும் வெள்ளையாக நின்றது. அங்கே பெரியப்பா. அவருக்கு ஏழு பெண்கள், ஏழு பேரும் முறைக்கு அக்கா தங்கச்சி. எந்தச் சாமியாலும் அதை மாற்ற முடியாது.

ஆனால் மலாக்காக் கல்லூரி காப்பிக் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு வாத்தியார், ஒரு கரும்பலகை. தணிக்கை சொல்லித் தருவீர்களா என்று எழுதிக் கேட்டதற்கு, அது தேவைப்படாது என்று பள்ளிக் கொப்பியில் கிழித்த அரைத் தாளில் பதில் வந்தது. சிவசம்பு இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தான். பதினான்காம் தேதி, மலாக்காவே போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இடம் வேண்டாம் என்று சிங்கப்பூருக்குத் தந்தி அடித்தான். அம்மானுக்கும் மரியாதையாக ஒரு கடிதம் போட்டான்.

அடுத்த வாரமே அம்மான் பகல் ரயிலில் வந்து இறங்கினார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று சிவசம்பு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றான். மனுஷன் கையில் ஒரு கூடை மாம்பழம், முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

"தம்பி எங்கை? அவனுக்கு நன்றி சொல்லத்தான் வந்தனான்."

விஷயம் இதுதான். சிவசம்பு விட்ட அந்த ஓர் இடத்தில் தவமணிதேவி சேர்ந்துவிட்டாள். அவளும் கணக்கியல் படிக்க ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். வகுப்பு நிரம்பிவிட்டது என்று கல்லூரி அவளைத் திருப்பி அனுப்பியிருந்தது.

கனகம்மா அவசரமாகக் குறுக்கிட்டாள். "அப்ப கலியாணப் பேச்சு, அண்ணை?"

"ஆருக்கு? இவன் வந்து நிண்டால் சமையல், உபசாரம் எண்டு தன்ர காலம் போயிடும், பிறகு கட்டியும் வைச்சிடுவியள் எண்டு ஒரு மாசமா அழுதவள். இவன்ர கடிதத்தைக் கண்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கினது."

கதவுக்குப் பின்னாலிருந்த சிவசம்புவுக்கு முதலில் இடம் போன எரிச்சல். அடுத்து, காது மடலெல்லாம் சுட்டது. அவன் ஒரு பெண்ணைக் கண்டு ஓடலாம், அது வேறு. அவள் அவனைக் கண்டு ஓடுவதா? அப்படி அவனுக்கு என்ன குறை? எஸ்.எஸ்.எல்.ஸி.க்குச் சமமான கேம்பிரிட்ஜில் கணக்குக்கு முதல் மார்க். மூக்கும் சுமாராக நேராகத்தான் இருந்தது.

வெளியே வந்தான். அம்மான் மாம்பழம் ஒன்றை எடுத்து நீட்டினார். வாங்கவில்லை.

"அடுத்த வருஷம் அங்கை இடம் கிடைக்குமோ, அம்மான்?"

"கிடைக்கும். பிரின்சிபல் என்ர கூட்டாளிதான்."

"உங்கட வீட்டில நிக்கலாமோ?"

அம்மான் தலையைச் சொறிந்தார். மச்சானைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். "அதுக்குத் தவத்திட்ட ஒரு சொல்லுக் கேக்க வேணும், தம்பி."

அடுத்த வருஷம் என்ற பேச்சைக் கேட்ட விசுவலிங்கம், தேதி போட மேசையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். சிவசம்பு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பொறுங்கோ, ஐயா. மலாக்காவுக்கு முதல் ரயில் எத்தினை மணிக்கு?"