மூன்றாவது மேட்டில் நாத்தனார்

ஓட்டக் கிளப்பில் அவளை எல்லோரும் 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. கிளப்பில் பாதிப் பேர் அவள் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டவர்கள். "ஊசி பின்னால வர்றாங்கன்னு நெனச்சாலே எனக்குக் கால் பறக்குது" என்று கிளப்பில் ஓடும் தையற்காரர் ஒருவர் சொல்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளைக் கிளப்பில் கொண்டுவந்து தள்ளியது நாத்தனார். கணவனின் தங்கை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் கால்களை அதட்டிப் பழகியவளுக்கு ஓட வந்த இடத்திலும் வாய் சும்மா இருக்காது. "மேட்டுல கியரைக் குறைங்க அண்ணி!" என்று கத்திவிட்டுச் சிட்டாய்ப் பறந்துவிடுவாள். மலைச்சாலைப் பந்தயத்தில் வருடாவருடம் பெண்களில் முதல் ஆள் அவள்தான். போன வருடம் ஊசி தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தபோது முடிவுக் கோட்டில் கட்டியிருந்த கொடிகளையே அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

இந்த முறை அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. கொடி பறக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

முதல் மேட்டில் எல்லோரும் அவளைத் தாண்டினார்கள். இரண்டாவதில் தாண்ட ஆளே இல்லை. குட்டிக் குட்டி அடியாக வைத்து, தனக்குத்தானே பேசிக்கொண்டே ஏறினாள். மூன்றாவது மேட்டின் வளைவில், சாலையோரக் கட்டைச் சுவரில் யாரோ ஒற்றைக் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கிட்டே போனால் நாத்தனார்.

"நீங்க போங்க அண்ணி."

"என்னடி ஆச்சு?"

"கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி என்னைத் தாண்டிட்டா. விடுவேனா? துரத்தினேன். இப்ப இங்க உட்கார்ந்திருக்கேன்."

ஊசி மண்டியிட்டு, அவள் குதிகாலைப் பிடித்துப் பாதத்தை மெல்ல வளைத்தாள்.

"ஐயோ, கொல்றீங்களே!"

"அந்தப் பக்கம் பாருங்க. லேசாத்தான் வலிக்கும்."

வேலையில் சொல்லிச் சொல்லிப் பழகியது, வாயில் தானாக வந்துவிட்டது, மரியாதையோடு. நாத்தனாருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய்ப் பொங்கின. காலில் இறுக்கம் விட்டதும் எழுந்து நின்று பார்த்தாள். ஓட முடியவில்லை, நடக்க முடிந்தது. அண்ணியின் குட்டி அடிகளுக்கு ஈடாகத் தானும் அடி வைத்தாள்.

"இப்படிப் பேசிக்கிட்டேதான் ஏறுவீங்களா?"

"பேசலன்னா நான் பாதியிலயே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்."

நாத்தனார் கட்டைச் சுவரைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு, "பந்தயம்னா முந்தின ராத்திரி எனக்குத் தூக்கமே வராது அண்ணி. தோத்துட்டா என்ன பண்றதுன்னே மனசுல ஓடிக்கிட்டிருக்கும்" என்றாள்.

"எனக்கு நல்லா வரும். தோக்கறதுன்னு முடிவாயிட்டா அப்புறம் என்ன கவலை?"

நாத்தனார் சிரித்த சிரிப்பில் கால் மறுபடி பிடித்துக்கொள்ளப் பார்த்தது. இத்தனை வருடம் ஒரே குடும்பத்தில் இருந்தும், அவர்கள் இவ்வளவு நேரம் தனியாகப் பேசியதில்லை. உச்சியைத் தாண்டியதும் இறக்கம். நாத்தனாருக்கு மெதுவாக ஓடவும் முடிந்தது.

"ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு ஒண்ணா உள்ள போயிடலாம், சரியா?"

"சரி" என்றாள் ஊசி. மனதாரத்தான் சொன்னாள்.

கடைசித் திருப்பத்தில் கொடிகள் பறந்துகொண்டிருந்தன. கிளப்பே திரண்டு நின்று, "ஊசி! ஊசி!" என்று கத்தியது. அவளுக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. கையை உதறிவிட்டு எடுத்தாள் ஓட்டம்.

"அடிப்பாவி அண்ணி!"

பின்னால் நொண்டிக்கொண்டு துரத்தும் காலடிச் சத்தம் நெருங்கியது. ஊசி பல்லைக் கடித்துக்கொண்டு, கைகளைக் கோழி இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு, ஒரு முழம் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டினாள். துண்டும் கையுமாக நின்ற அவள் கணவர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"உங்களை நம்பி வந்தேனே!" நாத்தனார் அவள் தோளில் சரிந்து விழுந்தாள். மூச்சு வாங்கியபடியே நேரம் குறிப்பவரிடம் திரும்பினாள். "நல்லாப் பார்த்து எழுதுங்க. எங்க அண்ணிதான் எனக்கு முன்னால."

ஊசி புல்தரையில் மல்லாந்து படுத்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாததற்குக் கொஞ்சமாவது வெட்கப்பட முடிகிறதா என்று முயன்று பார்த்தாள். வெட்கம் வரவில்லை. நல்ல பசிதான் வந்தது.