வெளியே போகாத பூனை

"பூனை வெளியே போகுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"போகாதுங்க," என்றார் அமிர்தராஜ். கடிபட்டது அவர் மனைவி ரோசரியின் கை. கேள்வியும் அவளிடம்தான்.

"தடுப்பூசி போட்டிருக்கா?"

"வாசப்படி தாண்டாத பூனைக்கு எதுக்கு ஊசின்னு இவங்கதான் வேணாம்னுட்டாங்க," என்றாள் ரோசரி.

"வீட்டுப் பூனைக்கும் போடணும்மா. அது வெளிய போகலேன்னாலும், வெளிய இருக்கறது உள்ள வரும்."

காயத்தை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பூனையைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். சோர்ந்தாலோ செத்தாலோ உடனே வந்துவிட வேண்டும். அப்படி வந்தால் வெறிநோய்க்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட வேண்டும். வெளியே திரிகிற பூனையென்றால் இன்றைக்கே தொடங்கியிருப்பேன் என்றார்.

தென்னூரில் அவர்களுக்கு மாடிப் போர்ஷன். பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது ரோசரியே ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் போவாள். நான்காம் நாள் பூனை பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பாலில் ஆடை படிந்தது. அது படுக்கும் துண்டை எடுத்து உதறினாள். சிகரெட் வாசனை அடித்தது.

வேளாங்கண்ணியில் மாதா முன்னால் அமிர்தராஜ் சிகரெட்டை விட்டு மூன்று வருஷம் ஆகிறது.

மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிகரெட் துண்டுகள் கிடந்தன. பக்கத்திலேயே காய்ந்த பூனைப் பீ.

அமிர்தராஜ் ரயில்வே ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுகிறவரை காத்திருந்தாள்.

"பூனை உங்க கூட மாடிக்கு வருமா?"

அவர் சட்டையை ஆணியில் மாட்டினார்.

"சிகரெட்டைக் கேக்கலீங்க. அதை மாதாகிட்ட சொல்லிக்குங்க. பூனையைக் கேக்கறேன்."

"காலைல கூடவே ஏறி வரும்."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர் வெளியேன்னுதானே கேட்டாரு. மொட்டை மாடி எப்படி ரோசரி வெளியாகும்? நம்ம வீட்டு மேலதானே இருக்கு."

"நல்லா பேசறீங்க. அங்க என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரே ஒரு நாள். கீரி ஒண்ணு. ரெண்டும் கட்டிப் புரண்டுச்சு. நான்தான் கல்லை விட்டு வெரட்டினேன்."

"எப்ப?"

"தவக்காலத்துல."

தவக்காலம் முடிந்து ஈஸ்டரும் போய் மூன்று வாரம். ரோசரி விரலில் எண்ணிப் பார்த்தாள். பிறகு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு டாக்டரின் சீட்டை எடுத்தாள்.

"இரு, நானும் வரேன்."

"வேணாம். அங்க நீங்க பதில் சொன்னது போதும். அது தண்ணி குடிக்குதான்னு பாருங்க. கிட்ட போகாதீங்க."

அவள் படியிறங்கும் சத்தம் தேய்ந்து நின்றது. அமிர்தராஜ் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, துடைப்பக் கட்டையால் பீரோவை நோக்கித் தள்ளினார். குனிந்து தரையில் கன்னத்தை வைத்தார். இருட்டில் இரண்டு கண்கள் தெரிந்தன. அவை கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தன.