நாற்பத்தெட்டாயிரத்துக்குள் ஒரு வருஷம்

மார்ச் மாதக் கடைசியில் எங்கள் வீட்டு மளிகைக் கணக்கை முடித்தேன். பன்னிரண்டு மாதத்துக்கு நாற்பத்தேழாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், தீபாவளிப் பலகாரம் எல்லாம் சேர்த்து. அதற்கு முந்தின வருஷம் எழுபத்தோராயிரம் ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்கிருந்த கர்வத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தக் கர்வத்தை நான் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை, போடி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் பெயர் மகாராஜன். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மனைவி ரோஜா மலைக்கு வேலைக்குப் போகிறாள். காலை ஆறரைக்கு ஜீப்பில் ஏறினால் போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்தில் இறங்கி, நாள் பூராவும் காய் எடுத்துவிட்டு, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவாள். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எல்லாம் ஒரு வீடியோவால் வந்தது. சென்னைக்காரப் பையன் ஒருவன், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளைப் பலகையில் கோடு கிழித்து, ஒரு வருஷ மளிகைச் செலவை எப்படிக் குறைப்பது என்று பாடம் நடத்தினான். பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்தது. இந்தப் பயலுக்கு வருகிற கணக்கு எனக்கு வராதா? அன்றைக்கே புது நோட்டு வாங்கினேன். கடையில் ஏலக்காய் சாம்பிள் நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று பழசாகிக் கிடந்தது. முதலாளி கன்னையனிடம் கேட்டு அதை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பருப்பு ஒரு வேளைக்கு ஆளுக்கு நாற்பது கிராம். எண்ணெய் மாதத்துக்கு ஒன்றேகால் லிட்டர். புதுப்புளி வந்த நேரம் பார்த்து, புளி, மிளகாய், மல்லி மூன்றையும் வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிப் போட்டேன். அதுவரைக்கும் தப்பில்லை.

மேற்கொண்டு நான் செய்ததுதான் தப்பு. பட்டியலை வாசித்துக் காட்டினபோதே ரோஜா சொன்னாள்.

"மலைக்குக் கொண்டு போறதுக்குக் கொஞ்சம் கூட வேணுங்க."

"நீ ஒருத்தி திங்கிறதுக்கு எவ்வளவு வேணும்?"

"ஒருத்தியாவா திங்கிறோம். பத்துப் பேரு சேந்துல உக்காருவோம்."

ஏலக்காட்டில் பெண்கள் தனித்தனியாகச் சாப்பிடுவதில்லை. மத்தியானம் சாக்கை விரித்து வட்டமாக உட்காருவார்கள். சோறு அவரவர் சோறு, குழம்பும் கறியும் பொது. கொண்டு போகிறவள் பத்துக் கைக்கும் ஒரு கரண்டி வருகிற மாதிரிக் கொண்டு போக வேண்டும். இன்றைக்கு ஒருத்தி கருவாட்டுக் குழம்பு வைத்தால் நாளைக்கு இன்னொருத்தி கத்தரிக்காய். சட்டம் ஒன்றும் கிடையாது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"ஊராளுக்கெல்லாம் வடிச்சுக் கொட்டவா நாம சம்பாதிக்கிறோம்? அதெல்லாம் பட்ஜெட்ல வராது."

நாம என்றுதான் சொன்னேன். சனிக்கிழமையானால் வாரக் கூலியை எண்ணிக்கூடப் பார்க்காமல் என் கையில் கொடுக்கிறவள் அவள். அந்த வீட்டுச் செலவில் பாதி அவள் நனைந்து நடுங்கிச் சம்பாதித்த காசு. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அவளும் மேற்கொண்டு பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகை வாக்கில் அவளுடைய தூக்குவாளி அடுப்படி ஆணியிலேயே தொங்குவதைக் கவனித்தேன். எனக்கு மத்தியானத்துக்குச் சோறும் குழம்பும் வழக்கம்போல மூடி வைத்திருந்தாள்.

"நீ சோறு கொண்டு போகலையா?"

"தோட்டத்துல கஞ்சி குடுக்குறாங்க" என்றாள், அரிசி களைந்துகொண்டே.

எந்தத் தோட்டத்து முதலாளி புதிதாகக் கஞ்சி ஊற்றுகிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். தினமும் எங்கள் கடைக்கு நாலு தோட்டக்காரர்கள் வந்து போகிறார்கள், ஒருவரிடம் விசாரித்தாலே தெரிந்திருக்கும். நான் விசாரிக்கவில்லை. நம்பினால் மாதம் மூன்று கிலோ அரிசி மிச்சம், அதனால் நம்பினேன். நோட்டில் 'தோட்டத்தில் மதிய உணவு' என்று எழுதி, எதிரே கழித்துக்கொண்டேன். மார்கழியில் ஆள் கொஞ்சம் இளைத்திருந்தாள், ரவிக்கை தோளில் நிற்கவில்லை. மலை ஏறி இறங்குகிறவள் இளைக்கத்தான் செய்வாள் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் பிறந்ததும் கடையில் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கன்னையன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "நீரு டெல்லியில நிதி மந்திரியா இருக்க வேண்டிய ஆளுய்யா" என்றார். அவர் கிண்டல்தான் செய்தார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாயங்காலம் டீக்கடையில் நாலு பேரை நிறுத்தி வைத்துச் சொன்னேன். ஒருவர் வீட்டுச் செலவை விசாரித்து, பெண்டாட்டியைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லை உனக்கு என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நாலு தோசை தின்றுவிட்டு, பனியனோடு நாற்காலியில் சாய்ந்து, வருகிற வருஷத்துக்கு நாற்பத்தைந்தாயிரம் என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஜா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் சின்ராசின் ஜீப்பு வந்து நின்றது. மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு, ஞாயிற்றுக்கிழமை அதற்கு இங்கே சோலியில்லை. நாலு பெண்கள் கையில் பைகளோடு இறங்கினார்கள். முன்னால் வந்தவள் கருத்தம்மா, ரோஜாவோடு வேலை பார்க்கிறவர்களில் மூத்தவள். பின்னால் குருவம்மாள். மற்ற இரண்டு பேரை எனக்கு முகத்தால்தான் தெரியும்.

"எந்திரிக்காதீங்க தம்பி, அப்படியே உக்காருங்க" என்றாள் கருத்தம்மா. எனக்கு எழுந்திருக்கிற எண்ணமே அதுவரை இல்லை.

"இப்ப எப்படி இருக்கு?"

"எதைக் கேக்குறீங்கக்கா?"

"வயித்துல கட்டின்னு ரோஜா சொன்னா. மதுரைக்குப் போயிப் பாத்தீகளாமே."

நான் குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். நாலு தோசையும் சேர்ந்து பனியனுக்குள் முட்டிக்கொண்டிருந்தது. "வீங்குனாப்புலதான் இருக்கு" என்று குருவம்மாள் பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாகச் சொன்னாள்.

எனக்கு எந்தக் கட்டியும் இல்லை, யார் இப்படிக் கிளப்பிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் ரோஜா பின்பக்கமிருந்து ஈரக் கையோடு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். அவர்களைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கண்ஜாடை காட்டவில்லை. கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

விஷயம் என்னவென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னால், நாளைக் காலை இந்த ஜீப்பில் இந்த நாலு பேருக்கு நடுவில் அவள் பொய்க்காரியாக உட்கார்ந்து போக வேண்டும்.

"பரவால்லக்கா" என்றேன். "மாத்திரை சாப்பிடுறேன்."

கருத்தம்மா தரையில் உட்கார்ந்தாள். "இவளைத்தான் பாக்க முடியல தம்பி. ஒங்களுக்காக வீரபாண்டித் தாயிக்கு நேந்துக்கிட்டு மத்தியானச் சாப்பாட்டையே விட்டுட்டா. நாலு மாசமாச்சு. நாங்க சாக்கை விரிச்சோம்னா இவ மட்டும் கூடையைத் தூக்கிக்கிட்டு பள்ளத்துப் பக்கம் போயிருவா. மழையில, குளிருல, வெறும் வயித்தோட. எங்களுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

கஞ்சி கிஞ்சி ஒன்றும் கிடையாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலு மாதம். நான் நோட்டில் கழித்துக்கொண்ட அரிசி அவள் வயிற்றிலிருந்து எடுத்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது, யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

குருவம்மாள் பைகளை என் காலடியில் வைத்தாள். "ஆளுக்குக் கொஞ்சமாப் போட்டு வாங்குனதுண்ணே. ஆசுபத்திரிச் செலவுல வீட்டுச் சாமானுக்குக் கை கடிக்கும்ல. தப்பா நெனைக்காதீங்க."

பத்துக் கிலோ அரிசி. துவரம்பருப்பு இரண்டு கிலோ. நல்லெண்ணெய் ஒரு லிட்டர். சத்துமாவு, நாட்டுச்சர்க்கரை, ஓர் அட்டை முட்டை. என் புத்தியைச் சொல்கிறேன் கேளுங்கள், அந்த நேரத்திலும் அது விலை போட்டது. ஆயிரத்து ஐந்நூறு தாண்டும் என்று போட்டது.

"இதெல்லாம் வேண்டாங்க்கா" என்றேன்.

"நாளைக்கு எங்க வீட்டுல ஒண்ணுன்னா நீங்க செய்ய மாட்டீகளா?" என்றாள் கருத்தம்மா. என்னிடம் அதற்குப் பதில் இருந்தது, சொல்கிற பதில் இல்லை.

கிளம்பும்போது அவள் வாசலில் நின்று திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு தம்பி. அவளைச் சாப்பிடச் சொல்லுங்க. நாங்க சொல்லி அலுத்துட்டோம். நீங்க சொன்னாத்தான் கேப்பா."

"சொல்றேன்க்கா." எனக்குக் குரல் உடைந்தது. நோயாளிக்கு மனசு தாங்கவில்லை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள், குருவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

ஜீப்பு போன பிறகு ரோஜா பைகளை ஒவ்வொன்றாக அடுப்படிக்குள் எடுத்துப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். போன வருசமே சொன்னேன். தீவாளிக்கு முன்னயும் சொன்னேன். பட்ஜெட்ல வராதுன்னீங்க."

"அதுக்காகப் பட்டினி கிடப்பியா?"

அவள் முட்டை அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு நின்றாள். "நான் கொண்டு போற குழம்பு ஒருத்திக்கே காணாது. அதான் ஊறுகா மட்டும் எடுத்துக்கிட்டு போனேன். அவங்க கறியை வாங்கி வாங்கித் தின்னேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நானும் பதிலுக்குச் சண்டை போட்டுட்டு உக்காந்திருப்பேன். ஒரு நாளு நான் கேக்காமயே ஒவ்வொருத்தியும் எனக்கு ரெண்டு ரெண்டு கரண்டி வச்சாளுக. அன்னைக்கு எந்திரிச்சவதான்."

"அதுக்கு எனக்கு நோவுன்னு சொல்லணுமா?"

"வேற என்ன சொல்ல? நல்லா சம்பாதிக்கிற மனுசன், பருப்பை நிறுத்துக் குடுக்காருன்னு சொல்லவா? ஒங்களை ஒருத்தி ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுன்னுதான் நோயாளியாக்குனேன்."

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷத்தில் நான் அவள் முன்னால் அழுததில்லை, அன்றைக்கு அழுதேன். தப்புத்தான் ரோஜா, தப்புத்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. அரிசிப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில ஜீப்படிக்கு வந்து நானே உண்மையைச் சொல்லிர்றேன்."

"சொல்லிட்டு நீங்க கடைக்குப் போயிருவீங்க. நான் அவங்களோட மலையேறணும்."

"அப்ப நாளையிலிருந்து சாப்பாடு கொண்டு போ. பத்துப் பேருக்கும் காணுற மாதிரி ஆக்கு. இருபது பேருக்குக்கூட ஆக்கு. நான் இனிமே எதையும் நிறுக்கல."

"எப்படிக் கொண்டு போறது? அவங்க போட்டு வாங்கிக் குடுத்த பருப்பை ஆக்கி அவங்களுக்கே வைக்கவா? விரதம் முடியணும்னா ஒங்களுக்குச் சொகமாகணும். காலையில வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, வயிறு வீங்கியிருக்குன்னு பேசிக்கிட்டு போறாங்க. நாளைக்கே நல்லாயிருச்சுன்னா யாரு நம்புவா?"

அரிசிப் பையை மூலைக்கு நகர்த்திவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் கணக்குப் பாக்குறவரு. நீங்களே சொல்லுங்க. ஒங்களுக்கு எப்பச் சரியாச்சுன்னு நான் சொல்லட்டும்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஒரு தேதி வேண்டியிருந்தது. அடுத்த வாரம் என்று சொல்லலாம், பதினைந்து நாள் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அந்தத் தேதி வரைக்கும் அவள் மத்தியானம் பட்டினி. என் பதிலுக்காக அவள் நின்றுகொண்டிருந்தாள்.