பக்கத்துக் கொக்கிக்காரன்

...குடல்வால்தான், வேறொன்றுமில்லை, எடுத்தாயிற்று, உங்கள் மனைவி பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தபடி போனபோது எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து மூக்கு வழியாக வந்தது, கைக்குட்டையைத் தேடினால் கோட்டுப் பையில் போன வாரம் ஹெப்ஸி சீஸும் ரொட்டியும் சுற்றிக் கொடுத்த காகிதம்தான் இருந்தது, அதிலேயே துடைத்துக்கொண்டேன், யார் பார்க்கப்போகிறார்கள், ஹேசல்டன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விடிகாலையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவனை, அவன் சுரங்கத்துக்காரனா நாடாளுமன்ற உறுப்பினனா என்று யார் கேட்கப்போகிறார்கள்... அப்பாடா. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். முப்பது வருஷம் என்னைத் திட்டித் தீர்த்த வாய் இனியும் திட்டும். இரண்டு மணிக்குத்தான் பார்க்கலாம் என்று தலைமைத் தாதி சொல்லிவிட்டாள், அவள் கஞ்சிபோட்ட தொப்பிக்கு முன்னால் பிரதம மந்திரியே வந்தாலும் இரண்டு மணிதான், இருக்கட்டும், உட்கார்ந்திருக்கிறேன், உயிர் இருக்கிறதே, அது போதும். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அப்படித்தான் கொஞ்ச நேரம் இருந்தது.

அப்புறம் நெஞ்சில் கிடந்த இன்னொரு கல் நினைவுக்கு வந்தது. பிரதம மந்திரி என்று நானே நினைத்தேனே, எந்தப் பிரதம மந்திரி? நேற்று மத்தியானம் நான் லண்டனில் ரயில் ஏறும்போது எங்கள் தொழிற்கட்சி ஆள். இப்போது? ராத்திரி ஓட்டெடுப்பு முடிந்திருக்கும், சுரங்க மசோதா, மண்ணுக்கடியில் ஒருவன் இருக்கும் நேரத்தில் அரை மணியைக் குறைக்கும் மசோதா, அது தோற்றால் அரசாங்கமும் போகும், எங்களுக்குத் தனிப் பெரும்பான்மையா இருக்கிறது, லிபரல்காரர்கள் போடும் பிச்சையில் ஓடுகிற வண்டி, அவர்களோ ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால், காலையில் ஆமாம் என்பார்கள், தேநீர் குடித்ததும் பார்க்கலாம் என்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான், முதல் தடவை ஏறினோம், ஊரே செங்கொடியும் பித்தளை வாத்தியமுமாக என்னை ரயிலேற்றியது, வருஷம் திரும்பவில்லை, பூச்சாண்டி காட்டியே இறக்கிவிட்டார்கள், நானும் இறங்கினேன், மறுபடி கட்சிக் கூட்டம், மழை, தெருமுனை, மறுபடி ஏறினேன்... ஏறுவதும் இறங்குவதும் எனக்குப் பழக்கம்தான், சுரங்கக் கூண்டில் இருபது வருஷம் செய்ததுதானே. ஆனால் இந்தத் தடவை இறங்கினால் அது என்னால். சபையில் இல்லாத ஒருத்தனால். வார்டில் என்ற ஒருத்தன் பெண்டாட்டியைப் பார்க்க ஓடிவிட்டான், அதனால் மசோதா போயிற்று என்று ஊர் சொல்லும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

சொல்லிவிட்டு வந்திருந்தால்? சொன்னேனே, ஹெப்ஸிக்குக் குடல்வாலோ என்னவோ என்று வந்த தந்தியை எங்கள் கொறடா மெக்ஃபேலிடம் காட்டினேன், அவன் அதை எடுத்துப் படிக்கக்கூட இல்லை. "ஹெப்ஸிக்கு வைத்தியம் பார்க்கப்போறது டாக்டரா, நீயா? இன்னிக்கு மூணு கோடு போட்ட அழைப்பு, தெரியும்ல? ஓட்டைப் போட்டுட்டு நாளைக்குப் போ." மூன்று கோடு போட்டுவிட்டால் பிணமாக இருந்தாலும் ஸ்டிரெச்சரில் வந்து ஓட்டுப் போட வேண்டும், ஜோடியெல்லாம் அன்றைக்குச் செல்லாது. மற்ற நாளென்றால் கவலையே இல்லை, எதிர்க்கட்சியில் ஒருவனைப் பிடித்து, நானும் வரவில்லை நீயும் வராதே என்று ஜோடி சேர்ந்துகொள்வோம், இரண்டு பக்கத்துக் கொறடாவும் குறித்துக்கொள்வார்கள், ஒருத்தன் கல்யாணத்துக்குப் போவான், ஒருத்தன் குதிரைப் பந்தயத்துக்குப் போவான், கணக்கு சரியாகிவிடும். ஆனால் நேற்று? நான் என்ன செய்தேன்? தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு குடையை எடுக்க உடுப்பறைக்குப் போனேன், அங்கே ஒவ்வொருவனுக்கும் ஒரு கொக்கி, கொக்கிக்குக் கொக்கி வாளைத் தொங்கவிட ஒரு சிவப்பு நாடா, யார் இப்போது வாள் கட்டிக்கொண்டு வருகிறான், ஆனாலும் நாடா தொங்குகிறது, நான் அதில் குடையைத் தொங்கவிடுவேன், எனக்குப் பக்கத்துக் கொக்கி காப்டன் வாரிங்குடையது. வார்டிலுக்கு அடுத்தது வாரிங், எழுத்து வரிசை செய்த வேலை. அவனிடம் போய்க் கேட்டேன். மூன்று கோடு போட்ட நாளில், இரண்டு கொறடாவுக்கும் தெரியாமல், உலகத்தில் வேறு ஆளே இல்லாத மாதிரி ஒரு சுரங்க முதலாளியின் மகனிடம் போய்க் கேட்டேன். எனக்குப் புத்தி இருந்ததா?

அவன் தந்தியை வாங்கி முழுதாகப் படித்தான். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "இது விளையாட்டில்ல வார்டில். குடல்வால்னா உடனே பார்க்கணும், என் அக்காவுக்கு வந்துச்சு. நீங்க கிளம்புங்க." ஓட்டு? என்றேன். "நீங்க இல்லாதப்போ நானும் இல்ல. வார்த்தை கொடுத்தாச்சு." கையைக் கொடுத்தான், மெத்தென்ற கை, ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது. நான் திரும்பும்போது, "எங்க அம்மாவுக்கும் எண்பது தாண்டிடுச்சு, ஒருநாள் எனக்கும் வேண்டியிருக்கும், அப்ப மறந்துடாதீங்க" என்றான் சிரித்துக்கொண்டே. மறப்பேனா, என்றேன். ஓடினேன். குடையை மறந்துவிட்டேன். ரயில் ரக்பி ஸ்டேஷனைத் தாண்டும்போதுதான் எனக்கு வியர்த்தது, அடப்பாவி, யாரிடம் எதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய், அவன் அப்பனுக்கு ஏழு சுரங்கம், அந்த அரை மணி நேரம் அவன் சாப்பாட்டு மேஜையிலிருந்து எடுக்கப்படுகிறது, இதைத் தோற்கடிக்க அவன் ரத்தத்தைக்கூடக் கொடுப்பானே, ஒரு கைகுலுக்கலா பெரிது? பூனையிடம் போய் மீனைக் காவல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மணி அடிக்கும், எல்லோரும் எழுந்து ஆமாம், இல்லை என்று அவரவர் வாசல் வழியே நடப்பார்கள், அதுதான் ஓட்டு, கதவைப் பூட்டினால் முடிந்தது, அவனுடைய கொறடா வா என்பான், அவன் என் முகத்தை நினைப்பானா...

சுவரோரம் ஒரு கண்ணாடித் தடுப்பறை, அதில் வாயிற்காப்பாளன் ஜேபெஸ், முன்னே தேநீர்க் கெண்டி, தொலைபேசி, மடித்த பத்திரிகை. ஜேபெஸ் சுரங்கத்தில் கால் நசுங்கியவன், ஆனாலும் பிறந்ததிலிருந்து டோரிக்குத்தான், அந்த வாரிங்கின் கட்சிக்குத்தான் ஓட்டு, அவன் அப்பனும் அப்படித்தான், காரணம் கேட்டால் கோபம் வரும். அந்தப் பத்திரிகையில் இருக்குமா? எழுந்து போய்க் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, கடைசியில் போனேன்.

"என்ன எம்.பி. ஐயா, ஆட்சி இருக்கா, கவுந்துச்சா?" என்றான் அவனே.

"உன் பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?"

"இது அச்சாகும்போது பேசிக்கிட்டே இருந்திருக்கானுங்க. உங்க ஆளுங்களுக்குப் பேச்சுக்கா பஞ்சம்? ஆமா, நீ ஏன்யா இங்க இருக்க? அங்கல்ல இருக்கணும்?"

"ஹெப்ஸிக்கு உடம்பு சரியில்ல."

அவன் முகம் மாறிவிட்டது. "அட, அது தெரியும்யா. சும்மா கேட்டேன். நல்லாயிட்டாளாமே, தாதி சொன்னா. உட்காரு, டீ ஊத்துறேன்" என்று தன் கோப்பையையே அலம்பிக் கொடுத்தான், இனிப்பு தொண்டையைக் கட்டும் அளவுக்குப் போட்டிருந்தான். "கவுந்தா கவுந்துட்டுப் போகுது வார்டில். எங்க ஆளுங்க வந்தா கூரை என்ன ஒழுகாமப் போயிடுமா?" நல்லவன். ஆனால் இவனுக்கு எப்படிச் சொல்வது, அரை மணி என்றால் எனக்கு என்ன என்று. என் தம்பி லூக் செத்தது வேலை முடிய அரை மணி இருக்கும்போது. எல்லாரும் களைத்துப்போய், முட்டுக்கொடுத்த கட்டை முனகுவதுகூடக் காதில் விழாத நேரம் அது, விளக்கு வெளிச்சத்தில் கண் பாதி மூடியிருக்கும், கூரை இறங்கியது. அந்த அரை மணி இல்லாதிருந்தால் அவன் கூண்டில் ஏறியிருப்பான், வீட்டில் தொட்டியில் உட்கார்ந்து முதுகு தேய்க்கச் சொல்லியிருப்பான். கூட்டத்துக்குக் கூட்டம் நான் பேசுவதெல்லாம் கொள்கை இல்லை, அவன்தான். அந்த அரை மணியைத்தான் நேற்று ஒரு கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன். ஹெப்ஸி பிழைத்தாள், சரி, அதற்கு விலை இதுவா? அப்படி நினைப்பதே பாவம், ஆனாலும் நினைப்பு கேட்டுக்கொண்டா வருகிறது...

தொலைபேசி அலறியது. ஜேபெஸ் எடுத்தான், கேட்டான், புருவத்தைத் தூக்கினான், குழலை என்னிடம் நீட்டினான். "லண்டன். யாரோ ஸ்காட்லாந்துக்காரன், கெட்ட வார்த்தையாப் பேசுறான்."

மெக்ஃபேல்தான். கடவுளே. குழலை வாங்கிய அவசரத்தில் தேநீர் கால்சட்டையில் கொட்டியது.

"டேய் வார்டில்! உசுரோட இருக்கியா? உன் பொண்டாட்டி?"

"பிழைச்சுட்டா."

"நல்லது. இனி உன்னை நான் கொல்றேன். சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போற அளவுக்கு ஆயிடுச்சா? ராத்திரி பூரா உன்னைக் கழிப்பறை கழிப்பறையாத் தேடினேன்டா!"

"மெக்ஃபேல், என்ன ஆச்சு? அதைச் சொல்லு முதல்ல."

"ஜெயிச்சோம்" என்றான். அப்புறம் அவன் சொன்ன எதுவும் கொஞ்ச நேரம் காதில் ஏறவில்லை, ஜெயிச்சோம், ஜெயிச்சோம் என்று அந்தச் சொல்லே சுற்றியது, சுவரில் சாய்ந்தேன், ஜேபெஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கொடுத்தான். "...மயிரிழை, கேக்குதா? அந்த வாரிங் ஒருத்தன் எழுந்து நடந்திருந்தா கதை கந்தலாயிருக்கும். அவன் என்ன பண்ணினான் தெரியுமா? உடுப்பறையில உன் கொக்கிக்குக் கீழ பெஞ்சுல உட்கார்ந்துட்டான், உன் குடையை மடியில வச்சுக்கிட்டு. மணி அடிக்குது, அவங்க கொறடா வந்து கத்துறான், தோளைப் பிடிச்சு இழுக்கிறான், துரோகின்னான், உங்கப்பன் மூஞ்சில எப்படி முழிப்பேன்னான். இவன் ஒரே பதில்தான், 'என் ஜோடி ஊர்ல இல்ல.' கதவைப் பூட்டுற வரைக்கும் அசையல. பித்துப்பிடிச்ச பய. அவனுக்கு அடுத்த தேர்தல்ல சீட்டு கிடைக்குமான்னே சந்தேகம். உன் குடை என்கிட்ட இருக்கு. திங்கக்கிழமை வந்து உதையும் குடையும் வாங்கிக்கோ." வைத்துவிட்டான்.

தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று. நான் சிரித்தேன், வெட்கமில்லாமல் சிரித்தேன், ஜேபெஸும் விஷயம் தெரியாமலே சிரித்தான், சொன்னதும் முகத்தைச் சுளித்து, "எங்க ஆளா அப்படிப் பண்ணினான்?" என்றான், அப்புறம் யோசித்து, "எங்க ஆள்னாதான்யா அப்படிப் பண்ணுவான்" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டான். சரிதான் போ, இன்றைக்கு எதையும் உனக்கு விட்டுக்கொடுப்பேன். தாழ்வார ஜன்னல் வழியாக மழை தெரிந்தது, சுரங்கச் சக்கரம் சுழல்வது தெரிந்தது, காலை ஷிப்டு இறங்கிக்கொண்டிருக்கும், அவர்களுக்கு இன்னும் தெரியாது, இனிமேல் தெரியும். லூக், கேட்டாயா? அந்த அரை மணி போயிற்றடா. மனசு அவ்வளவு லேசாக இருந்தது, தலைமைத் தாதியே என்னைப் பார்த்து என்ன நினைத்தாளோ, இரண்டு மணியாகும் முன்னாலேயே வந்து, "அஞ்சு நிமிஷம், சத்தம் போடக் கூடாது" என்று உள்ளே விட்டாள்.

ஹெப்ஸி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள், கண் மட்டும் அதே கண். "வந்துட்டியா? ஓட்டு இல்லையா உனக்கு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், கொக்கி, கைகுலுக்கல், மடியில் குடை, தோளைப் பிடித்து இழுத்தது எல்லாம். "சிரிக்க வைக்காதய்யா, தையல் பிரிஞ்சுடும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது, உயிருள்ள சூடு, அதைப் பிடித்துக்கொண்டு இப்படியே இருந்துவிடலாம் போல இருந்தது. அவள் கண் கூரைக்குப் போயிற்று. மருந்து மயக்கம் இன்னும் தீரவில்லை போல என்று நினைத்தேன். "ஏன்யா," என்றாள், "அவங்க அம்மா முடியாமக் கிடந்து, அவன் உன்கிட்ட கேட்டுட்டுப் போயிருந்தான்னு வை. அதே ஓட்டு. நீ எழுந்து போனா அரை மணி கிடைக்கும். நீ உட்கார்ந்திருப்பியா?"

"பின்னே?" என்றேன்.

சொன்னேன்தான். ஆனால் உடனே சொல்லவில்லை, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன், அவனுடைய குடையை மடியில் வைத்துப் பார்த்தேன், மணி அடித்தது, மெக்ஃபேல் வந்து தோளைப் பிடித்தான், அது வரைக்கும் உட்கார்ந்துதான் இருந்தேன், அப்புறம் மெக்ஃபேலுக்குப் பின்னால் லூக் வந்து நின்றான், தலையெல்லாம் கரித்தூள்... கதவைப் பூட்டப்போகிறார்கள் என்பது போல என்னைப் பார்த்தான். ஹெப்ஸி கண்ணை மூடிக்கொண்டு என் விரலை ஒருமுறை அழுத்தினாள். அந்த அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது என்று வாரிங் சொன்னானே, என்ன உடம்போ, இந்தக் குளிரைத் தாங்குவாளோ என்னவோ, நன்றாக இருக்கட்டும், நூறு வயது இருக்கட்டும் அந்த மகராசி.