பட்டுப் போர்வைக்குள்

மாம்பலத்திலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் மயிலாப்பூர் வந்து சேர்வதற்குள் ஸ்ரீனிவாசராகவனுக்கு அலுத்துவிட்டது. மூன்று வருஷமாகவே அலுப்புத்தான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோது, மனைவி வேம்புவையும் ஐந்து வயசு கிச்சாவையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றினார். பயம் தெளிந்து திரும்பியவள், மயிலாப்பூரில் தகப்பனார் வீட்டோடு தங்கிவிட்டாள். பிள்ளையைப் பார்க்கப் போனபோதெல்லாம் கதவு திறக்கவில்லை. கடைசியில் கோர்ட்டில் மனுப் போட்டார். வருகிற திங்கட்கிழமை விசாரணை.

"பிள்ளை தகப்பனுக்குத்தான். சட்டம் நம்ம பக்கம்" என்றிருந்தார் வக்கீல்.

இன்றைக்குக் கிச்சாவுக்குப் பூணூல்.

"வாங்கோ மாப்பிள்ளை" என்றார் மாமனார் கஸ்தூரிரங்கன். "தகப்பன் இருக்கறச்சே வேற யாரும் உபதேசம் பண்ணப்படாது. இல்லேன்னா உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

வேம்பு தலை நிமிரவில்லை.

அப்பாவையும் பிள்ளையையும் பட்டுப் போர்வையால் மூடினார்கள். உள்ளே ஒரே புழுக்கம். காதோடு மந்திரத்தைச் சொன்னார். கிச்சா திருப்பிச் சொன்னான். முடிந்ததும் அதே குரலில் கேட்டார்:

"என்னோட வந்து இருக்கியாடா?"

"மாட்டேன்னு சொல்லணும். ஜட்ஜ் கேட்டா, அப்பா அடிப்பார்னு சொல்லணும். தாத்தா சொல்லிக் குடுத்திருக்கார்."

"நான் உன்னை அடிச்சிருக்கேனா?"

கிச்சா யோசித்தான். "ஞாபகமில்லையே."

பிள்ளை பொய் சொல்லவில்லை. அடித்ததாகவும் ஞாபகமில்லை, தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும் ஞாபகமில்லை. கோர்ட்டார் இவனைக் கொடுப்பார்கள். அழ அழ இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

"ஆச்சா ஸ்வாமி?" என்றார் வெளியே சடங்கை நடத்திய வாத்தியார்.

போர்வையைத் தாமே விலக்கினார் ஸ்ரீனிவாசராகவன்.

"இவனுக்குக் காலம்பறயும் சாயங்காலமும் பண்ற சந்தியாவந்தனம் யார் சொல்லித் தரணும்?"

"தோப்பனார்தான். அதானே முறை!" என்றார் வாத்தியார்.

"அப்போ தினம் வரேன். மனுவை வாபஸ் வாங்கிடறேன்."

கூடத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முறை என்று சொல்லி அழைத்தவர் கஸ்தூரிரங்கன்தான். இத்தனை பேர் எதிரில் இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஆபீஸ் விட்டு நீங்க வரதுக்குள்ள அஸ்தமிச்சுடுமே" என்று மட்டும் முனகினார்.

"காலம்பற அஞ்சரைக்கு வரேன்."

வேம்பு நிமிர்ந்தாள். "அந்த நேரத்துல பஸ் ஏது?"

"நடந்துதான் வரணும்."

"நாளைக்கேவா?" என்றான் கிச்சா.

"நாளைக்கேதான்" என்று சொல்லி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.